புகார்ப் பதிவேடு

"விளக்கு எரியவில்லை."
பேரணாம்பட்டு ஈ.பி. ஆபீசில்
பதினோரு வருஷமாய் நான் எழுதி வரும் வாசகம்.
தெருப்பெயர், கம்பம் எண், கையெழுத்து.
பேனா தானாகவே ஓடும்.

தஸ்லீமா முதல்முறை வந்தபோது
கேட்டது வேறு:
"அண்ணே, அடுத்த வாரம் ராத்திரியில
கரண்ட் எப்போ போகும்?"
எப்போ வரும் என்றுதான் ஊர் கேட்கும்.

பிளஸ் ஒன். அரசு பெண்கள் பள்ளி.
அத்தாவுக்குத் தோல் ஷாப்பில் டிரம் வேலை.
மொட்டைமாடியில் ஒரு பாய், கணக்கு நோட்டு,
டார்ச் முகத்தில் ரப்பர் பேண்டு போட்டு
சிவப்புக் கண்ணாடித் தாள்.

பார்த்தது ஒரே ஒரு நட்சத்திரத்தை.
அல்கோல். அரபியில் பேய் என்று அர்த்தமாம்.
இரண்டு நாள், இருபது மணி, நாற்பத்தொன்பது நிமிஷத்துக்கு
ஒரு தடவை மங்கும்.
ஒளி குறைந்த கூட்டாளி ஒருவன்
சுற்றிச் சுற்றிக் குறுக்கே வருவதால்.
"மேலேயும் ஷெட்யூல் போட்டுத்தான் கட் பண்றாங்க" என்றேன்.
சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

இரண்டு பனிக்காலம்.
பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு
வெறுங்கண்ணால் பதினேழு முறை பிடித்தாள்.
மேகத்திடம் விட்டது அதைவிட அதிகம்;
அதையும் தேதி போட்டு வைத்திருந்தாள்.

காட்பாடியில் மாநிலப் பரிசு.
சான்றிதழில் லீ, லி ஆகியிருந்தது.
ஆய்வின் கடைசிப் பக்கத்தில் நன்றி:
இயற்பியல் டீச்சருக்கு, அத்தாவுக்கு,
'மற்றும் மின்தடைக்கு.'
ஏ.இ. அதைப் படித்துவிட்டு
சந்தோஷப்படலாமா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

பெருமை சேர்த்த பிள்ளைக்கு
ஊர் சும்மா இருக்குமா?
அவள் தெருமுனையிலேயே ஹைமாஸ்ட்.
பதினாறு மீட்டர், பன்னிரண்டு எல்.இ.டி.
கல்வெட்டில் அவள் பெயர், இந்த முறை லீ சரியாக.
கேபிள் இழுத்தது நான்தான்.
சுவிட்ச் போட்டதும் கைதட்டல்.
விடிந்துவிட்டதென்று எங்கோ ஒரு சேவல்.
எல்லோரும் விளக்கைப் பார்த்தார்கள்.
அவள் விளக்குக்குப் பின்னால் எதையோ
தேடிக்கொண்டிருந்தாள்,
புருவத்துக்கு மேல் கையைக் குவித்து.

மறுநாள் காலை
பதிவேட்டைக் கேட்டு வாங்கி அவளே எழுதினாள்.
தெருப்பெயர். கம்பம் எண்.
"விளக்கு எரிகிறது."
கையெழுத்து.

'சரிசெய்த தேதி' கட்டம் காலியாக இருக்கிறது.
ஓரத்தில், பென்சிலில், பொடி எழுத்தில்:
வியாழன், இரவு 9.40.

காலையிலிருந்து நாலு தடவை
அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.
இன்று வியாழன்.