கில்ட்வுட் தாண்டி

மாலை ஐந்து பதினெட்டு, ஒஷாவா ரயில்.
மேல்தட்டில் ஏரிப் பக்கம் இடம் கிடைத்தது.
ஏரியைப் பார்க்கவில்லை.
பக்கம் இருநூற்று எண்பத்தாறில்
மருந்துக்கடைக்காரி சாட்சிக்கூண்டில் ஏறுகிறாள்.

இன்று பகல் முழுதும்
நான் ஒரு மனிதனின் வாயாக இருந்தேன்.
நான் தள்ளவில்லை, என்றான் தமிழில்.
நான் தள்ளவில்லை, என்றேன் ஆங்கிலத்தில்.
உரைபெயர்ப்பாளருக்குத் தன்மை ஒருமைதான் விதி.

தள்ளினானா?
அரசுத் தரப்புக்கு ஒரு கோப்பு வந்துசேரவில்லை.
மார்ச் ஒன்பதுக்கு ஒத்திவைப்பு.
அன்றைக்கு அவன் வாய்
பரமலிங்கமோ வேறு யாரோ.
பதினொரு வருடத்தில்
ஒரு தீர்ப்பும் என் காதில் விழுந்ததில்லை.
நாட்கூலிக்கு நடுப்பக்கங்கள் மட்டும்.

அதனால்தான் இந்தத் தடித்த நூலகப் புத்தகம்.
இதில் ஒலிவாங்கி பழுதாவதில்லை.
எழுதியவன் கெட்டிக்காரன்:
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து
அந்தச் சோற்றையே எனக்கு ஊட்டுகிறான்,
நானும் மென்றுகொண்டே
பூசணிக்காய் எங்கே என்கிறேன்.

நாற்பத்தோராம் பக்க ஓரத்தில்,
ஆங்கில நாவலில், தமிழில்,
முன்பு இரவல் வாங்கிய யாரோ
பென்சிலால் எழுதியிருக்கிறார்: 'தம்பிதான்.'
அன்றிலிருந்து பென்சிலுக்கும் குறுக்கு விசாரணை.
எப்படித் தெரியும் உமக்கு?
அப்போது எந்தப் பக்கத்தில் நின்றீர்?
வெளிச்சம் போதுமானதாக இருந்ததா?

பிக்கரிங். ரூஜ் ஹில்.
வக்கீல் தண்ணீர் குடிக்கிறார், மெதுவாக.
மழை எட்டரைக்கே நின்றுவிட்டது, அம்மணி.
ஒன்பதேகாலுக்கு உங்கள் குடை எப்படி நனைந்தது?

ஐயோ, அந்தக் குடை
பன்னிரண்டாம் பக்கத்திலேயே சொட்டியது.
அந்த ஈரத்தை மிதித்துத்தான்
இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.
கண் அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது.
கட்டைவிரலால் மறைத்துக்கொள்கிறேன்.

கில்ட்வுட் வந்தது, கதவைத் திறந்தது,
கொஞ்சம் பார்த்தது, போய்விட்டது.
ஜூரி உள்ளே போகிறது: எக்லின்டன்.
ஜூரி வெளியே வருகிறது: ஸ்கார்பரோ.
பன்னிரண்டு பேரில் ஒருத்தி எழுந்து
மடித்த தாளை விரிக்கிறாள்.

டான்ஃபோர்த்தில் இறங்கினேன்.
திரும்பும் ரயிலுக்கு இருபத்தாறு நிமிடம்.
பனி தூறுகிறது, விளக்குக் கம்பத்தடியில்
நின்றபடியே முடித்தேன்.
பென்சில் பொய்ச்சாட்சி.
அழிக்காமல் விட்டேன்.
அடுத்தவரும் விசாரிக்கட்டும்.

மேற்கிலிருந்து வெளிச்சம் வருகிறது.
கைபேசியில் மார்ச் ஒன்பதைத் தேடுகிறேன்.
எனக்கு எங்கும் வேலையில்லை.
பார்வையாளர் வரிசையில்
யாரும் உட்காரலாம்,
வாயில்லாமல்.