தணிக்கைக்கு முந்தின நாள்

தரங்கம்பாடிக் கோட்டைக்குத் தெற்கே
புயல் காப்பகத்துக்கு வானம் தோண்டும்போது
ஜேசிபியின் பல் டங்கென்றது.
ஓட்டுநர் வேதமுத்து குனிந்து பார்த்துவிட்டு
"பெரிய கருணைக்கிழங்கு சார்" என்றாராம்.

கிழங்கில்லை. குண்டுகள்.
பதினொன்று.
பீரங்கிக்கென்று வார்க்கப்பட்டு
பீரங்கியின் வாயைக் காணாதவை.
உப்புநீரில் ஊறி ஊறி
ஒன்றையொன்று துருவால் கவ்விக்கொண்டு
ஒரே கட்டியாகிவிட்டன.

நான்கு பேர் தூக்கி வந்து
என் மேசையருகே இறக்கினார்கள்.
தரையோடு ஒன்று விரிந்தது
(அதற்குத் தனியே கடிதம் எழுதவேண்டும்).

பதிவேடு எடை கேட்கும்.
அருங்காட்சியகத்தில் இருப்பதோ தபால் தராசு,
நாணயங்களுக்கும் மணிகளுக்கும் போதும்.
ஆகவே குட்டியானையில் சாக்கு விரித்து
மீன் ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோனோம்.

ஏலம் கூறும் தில்லைநாயகி
மத்திச் செதில் ஒட்டியிருந்த தராசுத் தட்டை
முந்தானையால் ஒரு இழு இழுத்துவிட்டு
"எழுபத்தொண்ணு இருநூறு, சேத்தோட" என்றாள்.
"ஐஸைக் கழிக்கிற மாதிரி சேத்தைக் கழிச்சுக்கோ."
பின்னாலிருந்து யாரோ விலை கேட்டார்கள்.
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
அப்புறம் அவள் மெதுவாக,
"யாரைச் சுடறதுக்கு வச்சிருந்தாங்க?"

கிழக்கே கடலைக் காட்டினேன்.
பிறகு மேற்கே, பொறையார்ச் சாலையை.
தெரியாது என்று சொல்ல
இரண்டு கையும் தேவைப்பட்டன.

*

மூன்றாம் அலமாரியில் ஒரு தட்டு இருக்கிறது.
நான் வேலைக்கு வருமுன்பே
கோட்டைச் சமையற்கட்டின் குப்பைக்குழியில் அகப்பட்டது.
பாலாடை நிறம். நீலக் கோட்டில் ஒரு பாலம்,
பாலத்தின்மேல் தூண்டிலோடு ஒருவன்,
அவனுக்குப் பின்னால் ஒரு மரம்,
எங்கள் ஊரில் அப்படியொரு மரம் இல்லை.
ஒன்பது துண்டுகள். பத்தாவது கிடைக்கவேயில்லை.
தூண்டில் நூல் போய் முடிவது அந்தப் பத்தாவதில்.
என்ன மாட்டியது, அல்லது
எதுவுமே மாட்டவில்லையா,
பார்வையாளர்களில் குழந்தைகள் மட்டும் கேட்பார்கள்.
நடுவில் கத்தி கீறிய தடங்கள்.
கொடுவாயோ ஆடோ, யாரோ
கடைசித் துணுக்குவரை வெட்டித் தின்றிருக்கிறார்கள்.

தட்டு என்று ஒன்று எழுதியிருந்தேன்.
போன வருஷத் தணிக்கையாளர்
கண்ணாடியை மூக்கிலிருந்து ஏற்றிக்கொண்டு
"இங்கே ஒன்பது இருக்கிறதே,
கூடுதல் எட்டுக்குக் கணக்கு எங்கே?" என்றார்.
உடைந்த எதையும் அவர் வீட்டில்
வைத்திருக்க மாட்டார்கள் போல.

நாளை மறுபடி வருகிறார்.
எண்ணிக்கை என்ற கட்டம்
சுண்டுவிரல் நக அகலம்.
பென்சிலால் பதினொன்று எழுதினேன்.
கட்டியைத் தட்டிப் பார்த்தேன்,
எங்கே தட்டினாலும் ஒரே ஓசை, மந்தமாக,
உள்ளே யாருமில்லாத வீட்டுக் கதவு மாதிரி.
அழித்து, ஒன்று என்றெழுதினேன்.
அப்படியானால் பத்துக் குண்டுகள் எங்கே என்பார்.
மறுபடி அழித்தேன். தாள் நைந்து
அடுத்த பக்கத்து வரி தெரிய ஆரம்பித்தது.

குறிப்புரைக் கட்டத்தில் மட்டும் மையால்:
"பிரிக்க முயலவேண்டாம்."
எண்ணிக்கை காலியாகவே இருக்கிறது.

ஐந்தரைக்கு விளக்கணைத்தேன்.
காவலர் ஞானாதிக்கம் சாவிக்கொத்தை ஆட்டுகிறார்.
இருட்டில் மூன்றாம் அலமாரியைத் தாண்டும்போது
கை ஊன்றிவிட்டேன் போலிருக்கிறது.
டார்ச் அடித்தால்
கண்ணாடியில் துருக்கறை, என் கட்டைவிரல் அளவு,
சரியாக அந்தப் பத்தாவது துண்டு
இல்லாத இடத்தின்மேல்.
தூண்டில்காரன் அதைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறான்,
முதுகு சற்றே வளைந்து.

துடைக்கவேண்டும்.
துடைக்கிற திரவம் தீர்ந்து
இரண்டு மாதமாகிறது.