காறை எலும்பு

மூன்று சாக்கு எலும்பு.
கொழுப்பெடுத்த பெட்ரோல் வாடை இன்னும் போகவில்லை.
நாமக்கல் வெயிலில், கூடத்துக்குப் பின்னால்,
தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்தேன்.
காக்கை ஒன்று வந்து பார்த்துவிட்டு
ஒன்றுமில்லை என்று போனது.

அந்தியூர்ச் சந்தைக்கு ஏழு ஆடி போய்வந்த குதிரை.
சூறை என்று கூப்பிடுவாராம் சிக்கந்தர்.
குடல் முறுக்கிச் செத்த அன்றைக்குக்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு
அவர் பஸ் ஏறினார்.

கம்பியை எடுத்துக்கொண்டு கீழிருந்து தொடங்கினேன்.
குளம்பு, ஒற்றை நகம்.
அதற்கு மேல் ஒற்றை விரல், நடுவிரல்.
இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியாய் ஒட்டிக்கொண்டு
வேண்டாமென்று ஒதுங்கிய விரல்களின் மிச்சம்.
முட்டி என்று ஊரே சொல்வது மணிக்கட்டு.
அதற்குக் கீழே சதை என்று ஏதுமில்லை, நரம்புக் கயிறுதான்.
கனமெல்லாம் மேலே.
அரிவாளுக்குப் பிடி கனக்கலாம்,
நுனி கனத்தால் வீசுகிறவருக்குத்தான் வலி.

நானூறு கிலோ
நான்கு நடுவிரல் நுனியில் நின்றிருக்கிறது.
நின்றபடியே தூங்கியும் இருக்கிறது:
பின்காலின் சில்லைத் தொடையெலும்பில்
கொக்கிபோல் மாட்டிவிட்டால் தாழ்ப்பாள்.
சதைக்கு ராத்திரி லீவு.

தோள்பட்டைக்கு வந்தபோது கை நின்றது.
பட்டையை நெஞ்சோடு சேர்க்கிற எலும்பைக் காணோம்.
சாக்கை உதறினேன். தார்ப்பாயைப் புரட்டினேன்.
வாட்ச்மேன் செங்கோடனிடம் கத்தினேன்:
"உங்க நாய்தானுங்க தூக்கிட்டுப் போயிருக்கும்!"
இட்டாரி முழுக்கக் குனிந்து தேடினார், பாவம்.
இடப்பக்கம் இல்லை. வலப்பக்கமும் இல்லை.
ஒரு நாய் இப்படிக் கணக்குப் பார்த்தா திருடும்?

கூடத்துக்குள் போனேன்.
காங்கேயம் காளைக்கு இல்லை.
வெள்ளாட்டுக்கு இல்லை.
ஆறு வருசமாக நான் தூசி துடைக்கிற உடம்புகள்.
துணி போன தாவுக்குக் கண் போனதில்லை.

கை தானாக என் கழுத்துக்குக் கீழே வந்தது.
காறை எலும்பு. தட்டு ஒன்று, திருகாணி ஆறு.
மோகனூர் ரோட்டில் டிவிஎஸ் சறுக்கிக் கையை ஊன்றினேன்;
உள்ளங்கை வாங்கிய அடி
நேராக அங்கே போய் முறிந்தது.
எட்டிப் பறிக்க, மகனை இடுக்கிக்கொள்ள,
ஜன்னல் துடைக்க என்று
கையைப் பக்கவாட்டில் நிறுத்தும் எலும்பு.

சூறைக்கு ஜன்னல் துடைக்கிற வேலை இல்லை.
முன்காலில் இறங்கும் அடியை
எலும்பிடம் கொடுக்காமல் சதையிடம் கொடுத்திருக்கிறது.
இரண்டு பட்டைக்கும் நடுவில் விசிறி விசிறியாய் ஒரு தூளி,
தூளியில் நெஞ்சு.
ஒரு தாவலுக்கு ஒரு மூச்சு:
குடல் முன்னே வந்து முட்டினால் காற்று வெளியே,
பின்னே சரிந்தால் உள்ளே.
ஓட்டம் கேட்டதும் மண்ணீரல்
பிடித்துவைத்த ரத்தத்தைச் சீட்டுப்பணம்போல எடுத்துக் கொடுக்கும்.

அதையெல்லாம்தான்
சோடாக் கொப்பரையில் வேகவைத்துச்
சாக்கடையில் ஊற்றியிருந்தேன்.

வெல்டர் அருள்தாஸ் வந்து அளவெடுத்தார்.
அரையங்குலக் கம்பி, இரண்டு வளைவு.
கறுப்புப் பெயின்ட் அடிக்கச் சொன்னேன்,
எலும்பென்று யாரும் எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது.

ஐப்பசியில் சிக்கந்தர் வந்தார்.
மண்டையைப் பார்த்தார். பல்லைப் பார்த்தார்.
"இது வேற ஏதோ குதிரைங்க" என்றார்.
பிறகு குந்தி, இடது பின்காலில்
எப்போதோ உதைபட்டுப் புடைத்து ஆறிய மேட்டில்
விரல் வைத்தார்.
எடுக்கவில்லை.

கொஞ்சம் பொறுத்து,
லாடம் பார்க்கிற பழக்கத்தில்
கணுவுக்கு மேலே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு
உள்ளங்கையை விரித்துக்
கால் வருவதற்குக் காத்திருந்தார்.

கம்பி லேசாக அதிர்ந்தது.
மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.