ஏனையவை

திருக்கடலூரில் எங்கள் ஒழுங்கைக்குக்
கணக்கெடுக்க வந்த பிள்ளை ருஸ்னா,
ஜமாலியாக்காரி.
வியர்வையில் வழுக்கும் விரலால் திரையைத் தட்டித் தட்டி
கூரை என்ன, தண்ணீர் எங்கிருந்து, எத்தனை பேர்
எல்லாம் கேட்டு முடித்து
கடைசியில் கொஞ்சம் கூச்சத்தோடு:
மதம்?

இல்லை என்றேன்.
பின்னால் மீன் கழுவிக்கொண்டிருந்த தவமலர்
கையை உதறாமலே வந்து நின்று, எல்லாம் என்றாள்.
"எல்லா மதமுமா அன்ரி?"
"மதமில்லை பிள்ளை. எல்லாமும்.
இந்தச் சூடைமீன், இந்தச் செதில், நீ, உன்ர குடை."

பிள்ளை திரையைப் பார்த்தது.
திரையில் அப்படியொன்றும் இல்லை.

இருபத்தொரு வருஷமாய் எங்களுக்குள் இதே வழக்கு.
நான் கொட்பேயில் ஐஸ் உடைக்கிறவன்.
அங்கே கட்டிக் கிடக்கிற அத்தனை வள்ளத்துக்கும்
ஒரே பெயரை எழுதினால்
வயர்லெஸ்ஸில் எதை என்று கூப்பிடுவது?
எல்லாமே கடவுள் என்றால்
அந்தச் சொல்லுக்கு இனி வேலையில்லை,
பென்சன் கொடுத்து அனுப்பிவிடு என்பேன்.
கூப்பிட வேண்டாம், ஏறிப் போ
என்பாள்.

பஸ் நிலையத்தடியில் ஒருநாள்
புள்ளிமான் ஒன்று லன்ச் சீற்றை மென்றது.
ஓடிப்போய் வாயிலிருந்து இழுத்தெடுத்தாள்.
மானும் அது, சீற்றும் அது,
பிறகேன் இழுக்கிறாய்?
இழுக்கிற கையும் அதுதான்.
இது அளாப்பல் என்றேன்.
மானின் எச்சில் வடிய வடியச் சிரித்தாள்.

மலைக்குக் கீழே, கடலுக்குள்,
இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் தூண்கள்.
கல் திரும்பவும் கல்லாயிற்று என்று நான் சொல்ல
கடல் கோயிலாயிற்று என்று அவள் சொன்னாள்.
இரண்டு பேரும் சொன்னது
அதே தூணை, அதே பாசியை,
தூணின் வெடிப்பில் குடியிருக்கும்
அதே களவாயை.

அவள் தம்பி பிரதாபன்
வாடைக்காற்றில் போய்த் திரும்பாத வருஷம்
நான் வாய் திறக்கவில்லை.
இரவு இரண்டு மணிக்கு அவள்தான் தொடங்கினாள்.
"கேளுங்கோ. அந்தக் காத்தும் அதுதானோ எண்டு கேளுங்கோ."
கேட்கவில்லை.
"அதுவுந்தான்" என்றாள்,
பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் அம்மாவுக்குப் போய்க் கத்த ஒரு காளி இருந்தாள்.
மண்ணள்ளித் தூற்ற ஒரு வாசல் இருந்தது.
எங்களுக்கு அது இல்லை.
கந்தோரே இல்லை என்று சொன்ன ஒருவனும்
காணும் இடமெல்லாம் கந்தோர் என்று சொன்ன ஒருத்தியும்
கையில் ஒரே முறைப்பாட்டோடு,
வாங்கிக்கொள்ள ஆளில்லாமல்.
அன்றிரவுதான் எனக்கு முதன்முதலில்
அவள் நம்பிக்கை
என்னுடையதைவிடக் குளிராய்த் தெரிந்தது.
போர்வையை அவள் பக்கம் கொஞ்சம் தள்ளிவிட்டேன்.

அதற்காக, இரண்டும் ஒன்றென்று சொல்லமாட்டேன்.
கடற்கரையில் அவள்
அலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.
நான் அலையின் உயரம் பார்ப்பேன்.
சில நாட்களில் எனக்கும் கை நீளும்;
செருப்பு வாரைச் சரிசெய்கிறவன்போல
குனிந்து சமாளிப்பேன்.
அவள் காணாததுபோல் நடப்பாள்.

"அங்கிள், இதில 'ஏனையவை' எண்டு ஒண்டு கிடக்கு.
ரெண்டு பேருக்கும் அதையே போடட்டா?"

தவமலர் என்னைப் பார்த்தாள்.
இல்லை என்பதும் எல்லாம் என்பதும்
ஒரே பெட்டிக்குள், பக்கத்துப் பக்கத்தில்.
"போடு பிள்ளை."

தட்டினாள். சிக்னல் இல்லை.
சின்ன வட்டமொன்று சுற்றிக்கொண்டே நின்றது.

பின்னால் குழாய் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.
அவள் மறந்துவிட்டாள்.
நான் போய்ப் பூட்டினேன்.