குன்வோரிடம் இருந்த சாவிகள்

ஜூன் கடைசியில் படகிலிருந்து இறங்குவோம்,
ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் நாய்.
சாவி மட்டும் யாரிடமும் இருக்காது.

துறையில் நிற்பாள் குன்வோர்,
ஆண்பிள்ளை ரப்பர் பூட்ஸில்,
மேலுதட்டுக்குள் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு.
வாங்க என்று சொன்னதில்லை ஒருநாளும்.
"கூரையில ஓடு போச்சு. மாத்திட்டேன். நூறு க்ரோனா."
அவ்வளவுதான் வரவேற்பு.

க்ரோஷேர் தீவில் முப்பத்தொரு கோடை வீடுகள்.
ஆகஸ்டு முடிந்தால் நாங்கள் ஸ்டாக்ஹோமுக்கு.
அவளும் கடலும் ஒற்றைக்கண் பூனையும் மிச்சம்.

நடுக்கோடை விழா மறுநாள்
ஹெட்மன் வீட்டுக் கொடிக்கம்பத்தில்
தன் கம்பளி உள்பாவாடையை ஏற்றிவைத்தாள்,
இரவில் கொடியை இறக்க மறந்த குற்றத்துக்கு.
எங்களுக்கு நீச்சல் சொல்லித்தந்தவள் இல்லை;
முழுகினால் தோலை உரிப்பேன் என்றவள்.
பயத்திலேயே மிதந்தோம்.

மார்ச் தொடக்கத்தில் அவளைப் புதைக்கப் போனோம்.
முதல்முறையாகக் குளிர்காலத்தில்,
உறைந்த கடல்மேல் நடந்து,
எது கரை எது தண்ணீர் என்று தெரியாமல்.
எல்லாம் முடிந்து
அவரவர் வாசலில் நின்றபோதுதான் உறைத்தது:
சாவி.

அவள் சமையலறைச் சுவரில் ஒரு பலகை.
முப்பத்தொரு தூண்டில் முள், முப்பத்தொரு சாவி.
ஒன்றிலும் பெயரில்லை.
அவளுக்கு எதற்குப் பெயர்?

இருட்டும்வரை வாசல் வாசலாக ஏறி இறங்கினோம்,
ஒருவர் பூட்டில் ஒருவர் சாவியைத் திருகி.
இருபது வருடம் வேலிக்கு மேலே கையசைத்ததோடு சரி,
சேல்ஸ்ட்ரோம் வீட்டுக்குள் அன்றுதான் கால்வைத்தேன்.
அவர்கள் அடுப்பை மூட்டியது நான்.
எங்கள் கதவைத் திறந்தது யாரோ.

மேசை இழுப்பறையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு கிடைத்தது.
ஜனவரி 9. ஹெட்மன். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தேன். ஜாம் மோசம்.
ஜனவரி 17. சேல்ஸ்ட்ரோம். எலி இரண்டு. நாற்காலியில் உட்கார முடியவில்லை.
குளிர்காலம் முழுக்க, நாளுக்கொரு வீடாக,
போய் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறாள்.
பிப்ரவரி 2. மஞ்சள் வீடு.
ஜன்னலோரம் வெயில். தூங்கிவிட்டேன்.

மஞ்சள் வீடு எங்களுடையது.
தொட்டியருகே ஒரு கோப்பை,
கழுவிக் கவிழ்த்தபடி.
அம்மா அதைத் தொடவேண்டாம் என்றாள்;
பிறகு அவளே அதில் காப்பி ஊற்றிக் குடித்தாள்.

இப்போது எல்லோரும்
அவரவர் சாவியை வைத்திருக்கிறோம்.
போன கோடையில் நான்கு பேர் தொலைத்தோம்.