இருபத்தொரு வினாடி

லாசுப்பேட்டையில் ஏறும்போது
அமலோர்பவம் ஒன்றுதான் சொன்னாள்:
"வாந்தி வந்தா கதவுப் பக்கம் திரும்பாத,
மடியில பை இருக்கு."

கடல் இடப்பக்கமாய்ச் சாய்ந்து நிமிர்ந்தது.
தென்பெண்ணை, அப்புறம் கெடிலம்,
இரண்டும் வெறும் மணல்.
போன மழையில் இவைதான்
ஊர்களை நாலு நாள் துண்டு துண்டாய் வைத்திருந்தன என்றால்
மேலிருந்து பார்க்கிறவன் நம்பமாட்டான்.

அடுத்த வெள்ளத்துக்கு மருந்துப்பெட்டி இறக்க
இடம் பார்க்கிறோம்.
இந்த முனையில் கடிகாரத்தை அழுத்தி
அந்த முனையில் நிறுத்துவது என் வேலை.
வினாடிக்கு முப்பது மீட்டர்.

சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கிடந்த நிலத்தில்
குறுக்கே மின்கம்பி.
உப்பங்கழி ஓரத்தில் பதினாறு வினாடி வந்தது,
ஆனால் எருமைகள் முழங்கால்வரை புதைந்து நின்றன.
இன்னொன்றில் மனைக்கல் நட்டு
வளைவும் கட்டியாயிற்று, வீடுதான் இல்லை.
மற்ற இரண்டைக் குறிக்கவேயில்லை.

"காத்து எங்கேருந்து?" என்று கேட்டேன்.
புகை இல்லை, கொடி இல்லை.
அவள் குளத்தைக் காட்டினாள்.
எந்தக் கரையோரம் தண்ணீர் மழமழவென்று இருக்கிறதோ
அங்கிருந்து வருகிறதாம்.
முப்பது வருஷமாய்க் குளங்களைப் பார்க்கிறேன்,
எனக்கு அவை தண்ணீர் மட்டுமே.

ஆறாவது, சாத்தான்கொல்லை.
முந்திரிக்கு நடுவே செம்மண், நேர்கோடு,
பள்ளமில்லை, கம்பியில்லை.
முந்நூறு அடிக்கு இறங்கினோம்.
எங்கள் நிழல் முன்னால் ஓடி
ஆட்டு மந்தை ஒன்றைப் பிளந்தது.
பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று.
சிரித்தேவிட்டேன்.

இரண்டாம் சுற்றில்
நட்டநடுவே வெள்ளையாய் ஒரு பெருக்கல் குறி.
இரண்டு வேட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று,
முனைகளில் கல்.
"ஓடுதளம் மூடியாச்சுன்னு அர்த்தம்" என்றாள்.
"இது யாருக்குத் தெரியும் இங்க?"
பதில் சொல்லாமல் மூக்கைத் தூக்கினாள்.
முந்திரி மரங்கள் சின்னதாயின.

மறுநாள் ஜீப்பில் போனேன்,
மண்ணில் கம்பி அடித்துப் பார்க்க.
அரை அடிக்குமேல் இறங்கவில்லை, அருமையான மண்.
வேட்டிகள் இப்போது கயிற்றில் தொங்கின.
கீழே நின்றவள் பெயர் அஞ்சலாட்சி
என்பது பிறகுதான் தெரிந்தது.
அந்தக் குறியைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.

"நேத்து பறந்தது நீங்கதானா?" என்றாள்.
"ரெண்டு ஆடு இன்னும் வீடு வரல."

குறிப்பேட்டில்
நீளம்: அறுநூற்று முப்பது.
மண்: உறுதி.
தடைகள் என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு அதை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு
அவள் பின்னால் முந்திரிக்குள் நுழைந்தேன்,
ப்பா... ப்பா... என்று கூப்பிட்டுக்கொண்டு.

அவள் ஒருமுறை கூப்பிட்டு நிறுத்தினாள்.
மணி ஏதாவது கேட்கிறதா என்று நின்றோம்.
எனக்குத் தெரியாமலே
வினாடிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.