மின்தடை

இந்த ஊரில் இந்தச் சொல்லுக்கு
ஒரே அர்த்தம்தான்.
மின்வாரியம் பேப்பரில் போடுவது:
நாளை காலை ஒன்பது முதல் ஐந்து வரை
முதுநகர், சோனங்குப்பம், சுற்றுப்பகுதிகள்.

என் நோட்டில் அதற்கு வேறு வேலை.
உப்பனாற்றுச் சின்னப் பாலம்,
மூன்றாம் தூண், மின்தடை:
நானூற்றுப் பன்னிரண்டு ஓம்.
ஓம் என்று எழுதும்போதெல்லாம்
கொளஞ்சி எட்டிப் பார்ப்பாள்,
"என்ன, கோயில் கணக்கா?"

தூண் போட்ட அன்று
கலவை மிஷினில் நின்றவள் அவள்தான்.
சிமெண்டு, மணல், நெய்வேலிச் சாம்பல்,
அப்புறம் நான் கொடுத்த கறுப்பு மூட்டை.
அரை விரல்கூட இல்லாத கார்பன் இழைகள்,
காற்றில் பறந்து இமையில் ஒட்டின.
"சலூனைக் கூட்டி அள்ளியாந்தியா?"
தண்ணீரில் உருண்டை கட்டியதை
ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள்.
மூன்று நாள் சோறு பிசைந்தால் கறுப்பு.

அந்த இழை இழையைத் தொட்டுத்தான்
தூணுக்குள் கரண்ட் நடக்கிறது.
வெளிவலை இரண்டும் செலுத்தும்,
உள்வலை இரண்டும் கேட்கும்.
பாரம் ஏறினால் இழைகள் நெருங்கும், எண் இறங்கும்.
விடிகாலை மூன்றேகால், ஐஸ் லாரி: நானூற்று ஏழு.
லாரி போனதும் நானூற்றுப் பன்னிரண்டு.
ஒன்பது மாதம் இதையே எழுதினேன்.

மழைக்கும் இறங்கும்.
பாரமா ஈரமா என்று
எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாத நாளில்
ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்ப்பேன்.
அதை அறிக்கையில் எழுதியதில்லை.

கார்த்திகையில்
பெயர் வைக்கும் அளவுக்கு வளராத ஒரு புயல்.
ஊரே இருட்டு.
கொளஞ்சி மகனின் லோடு ஆட்டோவில்
கழற்றிய பேட்டரி மட்டும் தூணோடு பேசிக்கொண்டிருந்தது.
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
தொண்ணூற்றொன்று.
சரி, மழை.
பிறகு நானூற்று நாற்பது.

மழை ஏற்றாது.
லாரி ஏற்றாது, பாலத்தில் லாரியே இல்லை.
இழை இழையை விட்டால்தான் ஏறும்.
ஒயரைப் பிடுங்கித் துடைத்துத் திரும்ப முறுக்கினேன்.
நானூற்று அறுபத்து மூன்று.

உதவிப் பொறியாளரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
கொளஞ்சி எண்ணைக் கேட்கவில்லை.
"ஏறிடுச்சா?
ஏறக்கூடாதுன்னு நீதானே சொன்ன."
மீன்பெட்டிகளை இழுத்து நடுரோட்டில் அடுக்கினாள்.
தன் மழைக்கோட்டைக் கழற்றிக்
கயிற்றில் மாட்டினாள், மஞ்சளாக இருந்ததால்.
மூன்றேகாலுக்கு லாரி வந்தது.
டிரைவர் எங்கள் இருவரின் பிறப்பையும் விசாரித்துவிட்டு
வண்டியைத் திருப்பினான்.

காலையில் அதிகாரி குடையோடு வந்தார்.
தூணை ஒரு சுற்று பார்த்தார்.
கீறல் இல்லை.
எனக்கும்தான் தெரியவில்லை.
நகத்தால் தடவியும் பார்த்தேன்,
நகத்தில் பாசிதான் வந்தது.
"மிஷின் கோளாறா இருக்கும்மா."
இருக்கலாம்.
இல்லை என்று சொல்ல என்னிடம் இருந்தது
ஒரே ஒரு எண்.

பாலம் மூடிய காரணத்தை
எழுதித் தரச் சொன்னார்.
எழுதினேன்: மின்தடை.
வாசித்துத் தலையாட்டினார்,
"ஆமா, ஊர் பூரா இல்ல."
கையெழுத்துப் போட்டுவிட்டு
பெட்டிகளை எடுக்கச் சொன்னார்.

நானூற்று அறுபத்து நான்கு.

பெட்டிக்காரர்கள் வந்து
ஒவ்வொன்றாகத் தூக்கிப் போனார்கள்.
கடைசிப் பெட்டியின் மேல்
கொளஞ்சி உட்கார்ந்திருந்தாள்,
ஈரத் தலையோடு,
எழுந்திருக்காமல்.